செலின் அக்காவின் கேள்வித்தாள்

போட்டோகாப்பி மெஷினில் இருந்து அப்போதுதான் வந்த தாளுக்கு ஒரு சூடு இருக்கும். முப்பது கேள்வித்தாள்களை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு கடை வாசலில் நின்ற அந்தச் சனிக்கிழமை... மையின் வாசனை இன்னும் மூக்கில் இருக்கிறது.

அப்போது நான் பள்ளியில் பாடம் நடத்திக்கொண்டே ஈப்போவில் ஒரு கல்லூரியில் பகுதி நேரமாக உளவியல் படித்தேன். நாற்பது வயதில் மறுபடியும் மாணவி! மற்ற பாடங்கள் எப்படியோ ஓடின. ஆய்வு முறைகள்தான் பயமுறுத்தியது.

ஒருவர் சொன்ன பதிலைப் பிறகு மாற்றக்கூடாது என்று விரிவுரையாளர் திரும்பத் திரும்பச் சொல்வார். எனக்கு அது உடனே புரிந்தது. பரீட்சை முடிந்து மணி அடித்த பிறகு விடைத்தாளில் பேனா வைக்க விடுவோமா? அந்த மாதிரி.

இன்னொன்றும் சொன்னார். கேள்வி கேட்கும்போது பக்கத்தில் வேறு யாரும் இருக்கக்கூடாது. அதையும் நோட்டில் எழுதி அடிக்கோடு போட்டேன்.

தோட்டத்தை விட்டு டவுனுக்கு வந்த முதியவர்களின் மனநிலை... அதுதான் என் தலைப்பு. குனோங் ராபாட்டில் மகன் வீட்டில் இருந்த செலின் அக்காவிடம் போனேன். தெலுக் இந்தான் பக்கத்துத் தோட்டத்தில் நாங்கள் ஒரே லயத்து வரிசை வீடுகளில் இருந்தவர்கள். ரப்பர் பால் எடுக்க வருஷக்கணக்கில் பால்மரம் வெட்டியவர். மரங்களை அழித்துச் செம்பனை போட்டதும் மகனோடு வந்துவிட்டார்.

டீச்சர் வந்திருக்கிறார் என்றால் நம் வீடுகளில் என்ன நடக்கும் என்று உங்களுக்கே தெரியும். மகன், மருமகள், பக்கத்து வீட்டு அக்கா, எல்லாரும் ஹாலுக்கு வந்துவிட்டார்கள். மைலோ வந்தது, பிஸ்கட் வந்தது. அவர்கள் வீட்டு ஹாலில் இருந்து அவர்களையே எப்படி எழுந்து போகச் சொல்வது?

நான் சொல்லவில்லை.

ஒன்று என்றால் 'இல்லவே இல்லை', ஐந்து என்றால் 'எப்போதும்' என்று விளக்கினேன்.

"எந்த நம்பர் சொன்னா நீங்க பாஸாவீங்க டீச்சர்?" என்றார் செலின் அக்கா.

"அப்படியெல்லாம் இல்லக்கா. மனசுல உள்ளத சொல்லுங்க."

"மா, யோசிச்சு சொல்லு. டீச்சரோட மார்க்கு உன் கையிலதான் இருக்கு லா," என்றான் மகன்.

ஒன்பதாவது கேள்வி: 'நான் தனியாக இருப்பதுபோல் உணர்கிறேன்.'

பக்கத்து வீட்டு அக்கா முந்திக்கொண்டார். "இந்த வீட்டுலயா? கக்கூஸ் ஜம்பானுக்குப் போனாலே நாலு பேரு கதவத் தட்டுறாங்க!"

எல்லாரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். செலின் அக்கா மகனைப் பார்த்தார்.

"ஒன்னு போடுங்க டீச்சர்."

போட்டேன்.

கிளம்பும்போது கேட் வரைக்கும் அவர் மட்டும் கூட வந்தார். நான் காரில் சாவி போட்டுவிட்டேன்.

"டீச்சர்... அந்தத் தனியா இருக்கிற கேள்வி இருக்கே. அத இப்ப இன்னொரு தரம் கேளுங்களேன்."

நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"அது முடிஞ்சிருச்சுக்கா. ஒரு தரம் சொன்னத மாத்தக்கூடாதாம்."

"ஓ... பாடம் அப்படியா. சரி சரி. பரவால்ல டீச்சர், பார்த்துப் போங்க."

ஃபார்மை மூடி வைத்துவிட்டு, 'என்னக்கா?' என்று இரண்டு நிமிஷம் நின்றிருக்கலாம். எந்த விதியும் அதைத் தடுக்கவில்லை. அன்று மட்டும் இன்னும் நான்கு வீடு பாக்கி இருந்தது எனக்கு...

குடும்பத்தோடு வாழும் முதியவர்களிடம் தனிமை உணர்வு மிகக் குறைவு என்று முடிவுரை எழுதினேன். 'ஏ' கிடைத்தது. வகுப்பில் கை தட்டினார்கள்.

அடுத்த வருஷமே செலின் அக்கா போய்விட்டார். பெரிய நோய் எதுவும் இல்லை. முதலில் பேச்சு குறைந்ததாம், பிறகு சாப்பாடு. கடைசியில் அறையை விட்டே வருவதில்லையாம். அடக்கத்தன்று சர்ச்சில் பக்கத்து வீட்டு அக்கா என் காதோரம் சொல்லித்தான் இவ்வளவும் தெரிந்தது.

மகன் என் கையைப் பிடித்துக்கொண்டான். நல்ல பிள்ளை. அம்மாவுக்கென்று தனி அறை, புது மெத்தை, டிவி எல்லாம் வாங்கிக் கொடுத்தவன்.

"அம்மாவுக்கு ஒரு குறையும் வைக்கல டீச்சர். உங்ககிட்டயே சொன்னாங்கல்ல? நீங்ககூட எழுதிக்கிட்டீங்களே."

ஆமாம் என்று தலையாட்டினேன். அந்த இடத்தில் வேறு என்ன செய்ய முடியும்?

அதற்குப் பிறகு பள்ளியில் ஆலோசனைக்கு வந்த எத்தனையோ பிள்ளைகளோடு உட்கார்ந்து பேசியிருக்கிறேன். பேனாவை மூடிய பிறகும் கொஞ்ச நேரம் எழுந்திருக்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். செலின் அக்காவுக்கு அதனால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இப்போது கேள்வித்தாள் வாட்ஸ்அப்பில் வருகிறது. கல்லூரியில் படிக்கும் என் பழைய மாணவர்கள், "டீச்சர், ரெண்டு நிமிஷம்தான், பண்ணிக் குடுங்களேன்," என்று லிங்க் அனுப்புகிறார்கள். பிஸ்கட் வேண்டாம், சுற்றி உட்கார்ந்து சிரிக்கவும் ஆள் இல்லை. ஆய்வு வகுப்பில் நாங்கள் கனவு கண்ட அமைதி!

'தனியாக இருப்பதுபோல்' கேள்வி வந்தாலும் சரி, எல்லாவற்றுக்கும் பதில் போட்டு அனுப்புகிறேன். 'உங்கள் பதில் பதிவு செய்யப்பட்டது, நன்றி' என்று ஒரு வரி வருகிறது.

சில நாள் அந்த வரியைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் உட்கார்ந்திருக்கிறேன்... ஃபோன் தானாக அணையும் வரை.