பலகையில் மாட்டிய சாவி

டெல்லி எல்லையில் அந்த லேசர் கூடத்துக்குச் சுவர் எழும்பியபோது சிமென்ட் சுமந்தவள் வேலம்மாள். சுவரா அது! உள்ளே நின்று கத்தினால் வெளியே ஈ காக்கைக்குக்கூடக் கேட்காது. கட்டி முடித்ததும் ஒப்பந்தக்காரர் அவளையும் மகள் மேகலாவையும் உள்ளே தூசி துடைக்க வைத்துக்கொண்டார். மிளகளவு உருண்டை ஒன்றின்மேல் எல்லாக் கதிர்களையும் ஒரே நொடியில் பாய்ச்சினால் சூரியனுக்குள் எரிவதுபோல் எரியுமாம், கொடுத்ததைவிடக் கூடுதலாகச் சக்தி கிடைக்குமாம்.

"டெல்லி வெயிலு பத்தலையாமா இவங்களுக்கு?" என்பாள் வேலம்மாள்.

கேலி பேசினாலும் உள்ளூரப் பயம்தான். கதிர் பாயும்போது உள்ளே ஆள் இருந்தால் பிழைக்க முடியாது. அதனால் உள்ளே போகிறவர்கள் வாசல் பலகையிலிருந்து அவரவர் சாவியை எடுத்துப் போக வேண்டும், வெளியே வந்ததும் மாட்ட வேண்டும். ஒரு சாவி குறைந்தாலும் இயந்திரம் ஓடாது. மேகலா எதைக் கொடுத்தாலும் தொலைத்துவிடுவாள். அவள் சாவியையும் தாயே இடுப்பில் செருகிக்கொள்வாள். பிள்ளைக்கு நல்லது செய்வதாகத்தான் நினைத்தாள், பாவி.

முழுச் சக்தியோடு முதல் சோதனை வைத்த அன்று காலையிலிருந்தே யார் முகத்திலும் சிரிப்பில்லை. எல்லாரும் வெளியேறச் சொல்லிச் சங்கு அலறியது.

"ஜல்தி, ஜல்தி! வெளிய வாங்கம்மா!" என்று விரட்டினார் இன்ஜினியர் ப்ரசன்னா.

மகள் வழக்கம்போல முன்னால் போயிருப்பாள் என்று வேலம்மாள் ஓடிவந்து இரண்டு சாவியையும் மாட்டினாள். பலகைமேல் விளக்கு பச்சையானது. கனத்த கதவு மூடிக்கொண்டது.

வாசலில் கழற்றிவிட்டிருந்த செருப்பைப் போடக் குனிந்தாள். பக்கத்தில் மேகலாவின் நீலச் செருப்பு அப்படியே கிடந்தது.

"ஐயோ, எம்பொண்ணு உள்ள இருக்கா!"

ஒலிபெருக்கியில் எண்ணிக்கை இறங்கிக்கொண்டிருந்தது. வேலம்மாள் பாய்ந்து பலகையிலிருந்து மகளின் சாவியைப் பிடுங்கினாள். எண்ணிக்கை நின்றது.

கதவு திறந்ததும் மேகலா தள்ளாடிக்கொண்டு வந்தாள். கதவைத் தட்டித் தட்டி விரல் முட்டியெல்லாம் ரத்தம்.

"குழாய்க்குப் பின்னால தொடச்சிட்டிருந்தேன், அந்த இரைச்சல்ல சங்கு கேக்கல. விளக்கெல்லாம் அணைஞ்சிடுச்சும்மா. எவ்வளவு கத்துனேன் தெரியுமா?"

"இவ சாவிய யாரு மாட்டுனது?" ப்ரசன்னா பலகையைக் காட்டிக் கேட்டார்.

மேகலா தாயின் இடுப்பைப் பார்த்தாள்.

"நான்தான்," என்றாள் வேலம்மாள்.

மறுநாள் மறுபடியும் சோதனை. வேலையை விட்டால் சோற்றுக்கு எங்கே போவது? வாசலில் மகளின் சாவியை வாங்க வேலம்மாளின் கை பழக்கத்தில் நீண்டது. மேகலா தன் சாவியைக் கயிற்றில் கோத்துக் கழுத்தில் போட்டுக்கொண்டு, அம்மாவின் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போனாள்.