திராட்சை விளையாத ஊரில் எஸ்தர்

வகுப்பு முடிந்து வெளியே வந்தபோது துறையின் வாட்ஸப் குழுவில் செய்தி கிடந்தது: எஸ்தர் மேடம் காலமானார். கீழே நாலைந்து கூப்பிய கைகள். அதற்கும் கீழே, தேர்வு மேற்பார்வை யார் யாருக்கு என்ற அறிவிப்பு. எனக்கு அழுகைக்கு முன்னால் ஆத்திரம்தான் வந்தது. முந்தின நாள் மாலை பேருந்து நிறுத்தம் வரை என்னோடு பேசிக்கொண்டே வந்தவள். மூளையில் இரத்தக்கசிவு என்றார்கள்.

உங்களில் பலருக்கு அவள் தாவரவியல் வகுப்பெடுத்த மேடம். எனக்கு ஆய்வகத்தில் அடுத்த மேசைக்காரி. பாளையங்கோட்டை வெயிலில் திராட்சைக் கொடியோடு மல்லுக்கட்டினாள். திராட்சை விளையும் கம்பம் ஊரிலிருந்து கொண்டுவந்த குச்சிகளைத் தொட்டிகளில் நட்டு, நிழல்வலைக்குக் கீழே வளர்த்தாள். "பழம் எப்ப மேடம் தருவீய?" என்று கேலி செய்யாதவர்கள் கிடையாது. பழத்தை யார் கேட்டார்கள்? கொடிக்குள் எந்த ஹார்மோன் எந்த மரபணுவை எப்போது எழுப்புகிறது, எது அதை அடக்கிவைக்கிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டும்.

இலை பறிக்கும்போது அவள் பக்கத்தில் நிற்கவே பயமாக இருக்கும். நறுக்கிய கணமே இலை உறைந்துபோகும்படி திரவ நைட்ரஜனுக்குள் போயாக வேண்டும். ஒருநாள் நைட்ரஜன் குப்பியின் மூடியைத் திறக்க முடியாமல் நான் தடுமாறினேன். பறித்த இலையைத் தூக்கிக் குப்பையில் போட்டுவிட்டாள்.

"வெட்டுப்பட்டது கொடிக்குத் தெரிஞ்சு போச்சுட்டி. வேற மரபணுல்லாம் முழிச்சிருக்கும். இனி நாம அளக்கது கொடிய இல்ல, கத்திரிக்கோல."

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. அன்றைக்கு முழுக்க அவளோடு பேசவில்லை.

ஒரு சனிக்கிழமை மதியம், மாதிரிகள் வைக்கும் குளிர் அறைக்குள் இருவரும் மாட்டிக்கொண்டோம். உள்பக்கக் கைப்பிடி கழன்று என் கையோடு வந்துவிட்டது. கைப்பேசிகள் வெளியே மேசைமேல். காவலாளி சாப்பிடப் போயிருந்தார். கதவைத் தட்டித் தட்டிக் கை சிவந்ததுதான் மிச்சம். அவளோ ஒரு பெட்டியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்து பாடம் எடுக்க ஆரம்பித்துவிட்டாள்.

"வளரச் சொல்லுத மரபணுல்லாம் கொடிக்குள்ள தயாராத்தான் இருக்கு. ஒரு புரதம் அதுகள அமுக்கி வச்சிருக்கு. ஜிப்ரலின்னு ஒரு ஹார்மோன் வந்தாத்தான் அந்தப் புரதம் அழியும், கொடி நீளும்."

"இப்ப இது ரொம்ப முக்கியம்!" என்று கத்தினேன். சிரித்தாள். பிறகு, நாசிக் பக்கம் ஒரு ஆய்வகத்தில் தனக்கு வேலை கிடைத்திருப்பதைப் பைய சொன்னாள். சுற்றிலும் திராட்சைத் தோட்டங்களாம். அப்படி மலர்ந்த முகத்தோடு அவளை நான் பார்த்ததே இல்லை.

"எப்ப கெளம்புத?"

"எங்கன கெளம்ப? மாமனாரு படுத்த படுக்கையா கெடக்காவ. வீட்ல அவிய விடமாட்டாவ."

அவிய என்றது அவள் கணவர் சாமுவேல் அண்ணாச்சியை.

"அண்ணாச்சிட்ட கேட்டியா?"

"கேக்க வேற செய்யணுமாக்கும்! தெரிஞ்சதுதான."

காவலாளி வந்து கதவைத் திறந்தார். "ஏம்மா, உள்ளயா இருக்கீய?" என்று பதறினார். அந்த வாரமே எஸ்தர் நாசிக்குக்கு வரவில்லை என்று எழுதிவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து போய்விடுவாள்.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்திலிருந்து திரும்பும்போது அண்ணாச்சி என்னைத் தனியாகக் கூப்பிட்டார். நாசிக்கிலிருந்து யாரோ துக்கம் விசாரித்துப் பேசினார்களாம்.

"வேல குடுத்தோம், வரலன்னுட்டாங்கன்னு சொல்லுதாவ. அவளுக்குப் போவணும்னு ஆச இருந்துச்சாம்மா?"

மறைக்க எனக்கு மனம் வரவில்லை. "இருந்துச்சு அண்ணாச்சி. ரொம்ப இருந்துச்சு."

அவர் அப்படியே நின்றுவிட்டார். "எங்கிட்ட ஒரு வார்த்த கேக்கலியே. அப்பாவயும் கூட்டிக்கிட்டு எல்லாரும் போயிருப்பமே."

அவர் பேச்சுக்காகச் சொல்லவில்லை.

தொட்டிகளுக்கு இப்போது நான்தான் தண்ணீர் ஊற்றுகிறேன். ஆனால் எஸ்தரிடமிருந்து என்னோடு வீடு வரை வந்திருப்பது, அவள் கேட்காமல் விட்ட அந்த ஒரு வார்த்தை. என் வீட்டிலும் நான் கேட்க வேண்டியது ஒன்று உண்டு. என்ன பதில் வரும் என்று தெரியும் என்றே நானும் இத்தனை வருஷம் இருந்துவிட்டேன். தினமும் சாப்பாடு பரிமாறும்போது வாய்வரை வருகிறது. இன்னும் கேட்டபாடில்லை.