மொஸ்கோவில் இடம் மாறிய பதினாறு பக்கங்கள்

தைக்கப்போகும் தாள்களின் முதுகை விரலால் ஒருமுறை தடவிப் பார்த்துவிட்டுத்தான் ரஷ்ய அக்கா அவற்றை மெஷினுக்குக் கொடுப்பார். மிசிசாகாவில் நான் முதன்முதலாக வேலை செய்த அச்சகத்தில் அவருடையது எனக்கு எதிர் மேசை. பிள்ளைகளே, பெரிய தாளைப் பதினாறு பக்கமாக மடித்தால் அதற்குப் பாரம் என்று பெயர். ஒவ்வொரு பாரத்தின் முதுகிலும் ஒரு கறுப்புக் கோடு இருக்கும். அடுக்கியது சரியென்றால் கோடுகள் படிக்கட்டுப்போல இறங்கும். அதை மெஷினே பார்த்துக்கொள்ளும். ஆனாலும் அவர் தடவுவார். "அக்கா புத்தகத்துக்கு முதுகு தேய்ச்சு விடுறா" என்று பக்கத்து மேசை அண்ணை பகிடி பண்ணுவார்.

ஒருநாள் மதியம், கண்ணாடிக்கு வெளியே உலகமே கரைந்துபோனதுபோலப் பனி கொட்டிக்கொண்டிருந்தது. பனியை நான் முதலில் கண்டது யாழ்ப்பாணத்தில், மொஸ்கோவில் அச்சான ஒரு தமிழ்ப் புத்தகத்தில் என்று அவருக்குச் சொன்னேன். வழிதவறிய ஓநாய்க்குட்டியின் கதை அது. சாம்பல் நிற அட்டையா என்று கேட்டபடி அவர் தேநீரைக் கீழே வைத்தார்.

அந்தப் புத்தகத்தைத் தைத்துக் கட்டிய மொஸ்கோ அச்சகத்தில்தான் அவர் வேலை செய்திருக்கிறார். எங்கள் எழுத்தில் ஒன்றுகூடத் தெரியாது, கறுப்புக் கோட்டை நம்பியே அடுக்கினார்களாம். ஒருநாள் இவர் அந்தப் புத்தகத்தின் கடைசிப் பாரத்தை இடையில் செருகிவிட்டார். கண்டுபிடிப்பதற்குள் லொறி போய்விட்டது. பயத்தில் யாருக்கும் சொல்லவில்லை. ஏதோ ஒரு பிள்ளையின் கதையைக் கெடுத்துவிட்டோம் என்று இத்தனை வருடமும் உள்ளே அரித்திருக்கிறது.

"உம்மட புத்தகம் எப்பிடி முடிஞ்சது?" என்று கேட்டார்.

எங்களுக்குள் பேச்சு அரைகுறை ஆங்கிலத்தில்தான். பொய் சொல்லியிருக்கலாம். மனம் வரவில்லை. என்னுடைய புத்தகத்தில் குட்டி நடுவிலேயே தாயிடம் போய்ச் சேர்ந்துவிடும். கடைசிப் பக்கத்தில் மறுபடி பனிக்குள் தனியாக நடக்கும். ரஷ்யக் கதை இப்படித்தானாக்கும் என்று நான் நினைத்திருந்தேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டார். "பயந்திருப்பீர்."

"இல்லை அக்கா. அது ஒருக்கா வீட்டை போய்ச் சேர்ந்ததுதானே. இனியும் போகும் எண்டு நினைச்சன். சண்டைக்குள்ள நாங்கள் ஊரை விட்டு நடக்கேக்கையும் அதைத்தான் நினைச்சுக்கொண்டு நடந்தனான்."

அவர் தன் கதிரையை என் பக்கம் இழுத்துப் போட்டார். பிறகு, என் புத்தகத்தில் இருந்த அந்த ஒழுங்கிலேயே முழுக்கதையையும் சொல்லச் சொன்னார். குட்டி இன்னும் பனிக்குள் நடந்துகொண்டிருந்தபோது வேலை மணி அடித்தது. நான் அவசரமாக மிச்சத்தையும் சொல்லப் பார்த்தேன்.

"விடும்," என்றார் எழுந்தபடி, "அது வீட்டை போயிடும்."