பயிற்சிக்கு அனுப்ப முடியாத ஆள்

ஒரு பயிற்சி வகுப்பின் தலையெழுத்தைப் பாடத்திட்டம் முடிவு செய்வதில்லை, ஆள் அனுப்பச் சொல்லும் கடிதம்தான் முடிவு செய்கிறது. இதைத் தெரிந்துகொள்ள எனக்கு ஆறு வருடம் பிடித்தது. நெய்வேலி சுரங்கத்தில் நிலக்கரி ஏற்றிச் செல்லும் கன்வேயர் பெல்ட்டைப் பராமரிக்கும் ஒப்பந்த நிறுவனம் ஒன்றில் நான் பயிற்சி அதிகாரி. "உங்கள் பிரிவிலிருந்து நான்கு பேரை அனுப்பவும்" என்று மாதாமாதம் கடிதம் போடுவேன். பிரிவுப் பொறுப்பாளர்கள் அதைப் படித்துவிட்டு, எந்த நான்கு பேர் இல்லாவிட்டால் வேலை நன்றாக நடக்கும் என்று யோசித்து, அந்த நான்கு பேரை அனுப்பிவைப்பார்கள்.

அதனால் எந்த வகுப்பானாலும் முன்வரிசையில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். ஐம்பதைத் தாண்டியவர், முட்டிவலிக்காரர். பெல்ட் பக்கம் நின்றால் மற்றவர்களுக்கு இடைஞ்சல் என்று பொறுப்பாளருக்கு அபிப்பிராயம். தீயணைப்பு, முதலுதவி, கம்ப்யூட்டர், குழுவாக உழைப்பது எப்படி என்று எல்லாவற்றையும் படித்து முடித்துவிட்டார். மன அழுத்தத்தைச் சமாளிக்கும் வகுப்புக்கு மட்டும் மூன்று முறை வந்தார். எங்கள் நிறுவனத்தில் மன அழுத்தமே இல்லாத ஒரே ஆள் அவர்தான். "மேடம், இந்த வாட்டி சமோசாவா, பப்ஸா?" என்பதைத் தவிர அவருக்கு எந்தப் பாடத்திலும் சந்தேகம் வந்ததில்லை. நல்ல மனிதர், அதை மறைக்கக் கூடாது.

போன வருடம் நான் ஒரு பெரிய திட்டம் போட்டேன். பெல்ட் ஒட்டும் வேலைக்கு இரண்டு நாள் வகுப்பு. முழு வருகை, கடைசியில் தேர்வு. தேறியவர்களின் சுரங்க வாசல் பாஸில் 'ஹெல்பர்' என்பது போய் 'ஸ்கில்டு' என்று ஏறும். கையெழுத்துப் போட்டுவிட்டு மெயின் பஜாருக்குக் காய்கறி வாங்கப் போகிறவர்களைப் பிடிக்க ஒரு பொறியும் வைத்தேன். வகுப்பு வருகையைச் சுரங்க வாசலின் கைரேகைப் பதிவோடு கம்ப்யூட்டர் ஒப்பிட்டுப் பார்க்கும். ஒரே நாளில் இரண்டு இடத்தில் பதிவு இருந்தால் வகுப்பு வருகை ரத்து. இதற்காக எனக்கு ஒரு கேடயம் கொடுத்தார்கள். வீட்டில் டிவிக்குப் பக்கத்தில் வைத்தேன்.

பெல்ட் ஒட்டுவதில் எங்களிடம் கெட்டிக்காரர் ஒருவர் உண்டு. முப்பத்தைந்து வயதிருக்கும், கம்மாபுரம் பக்கத்து ஊர். ஊர் நிலம் சுரங்கத்துக்குப் போனபோது நிலக்காரர்களுக்குப் பேசுவதற்கு ஒரு பத்திரமாவது இருந்தது. அந்த நிலத்தில் நாற்று நட்ட இவர் குடும்பத்திடம் காட்டுவதற்கு ஒரு காகிதமும் இல்லை. கிழிந்த பெல்ட்டின் ரப்பரை உரித்து, உள்ளேயிருக்கும் எஃகுக் கம்பிகளை ஒழுங்காகக் கோத்து, பசை தடவி, புறங்கையால் தொட்டுப் பார்ப்பார். கையேட்டில் இத்தனை நிமிடம் காயவேண்டும் என்று போட்டிருக்கும். "ஈரக்காத்து அடிச்சிக்கினு இருக்கு மேடம், இன்னிக்கு புக்குல இருக்கறது சரிப்படாது" என்பார். அவர் ஒட்டினால் மறுபடி பிரியாது.

என் வகுப்புக்கான படங்களை அவரை வைத்துத்தான் எடுத்தேன். எல்லாப் பக்கத்திலும் அவர் கைகள். முகம் எதிலும் வரவில்லை. அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை.

எங்கள் ஒப்பந்தம் இந்த வருடத்தோடு முடிகிறது. புது ஒப்பந்தக்காரர் ஸ்கில்டு ஆட்களை அப்படியே எடுத்துக்கொள்வாராம், ஹெல்பர்களைப் பற்றிப் பிறகு பார்ப்பாராம். 'பிறகு' என்றால் என்ன என்று இங்கே எல்லோருக்கும் தெரியும். ஒருநாள் அந்தக் கெட்டிக்காரர் அலுவலகத்துக்கே வந்து கேட்டார். "பதினோரு வருசமா ஹெல்பர்னே போட்டிருக்கு மேடம். எம் பேர ஒரு வாட்டி எழுதுங்க. பாஸ்ல ஸ்கில்டுன்னு வந்துட்டா எவன் வந்தாலும் என்னய அசைக்க முடியாதுங்க."

எழுதினேன். பொறுப்பாளர் போனில் சீறினார். "அவன அனுப்பிட்டா பெல்ட்ட யாரு மேடம் பாக்குறது? நீங்க வந்து ஒட்டுவீங்களா? முட்டிவலிக்காரர அனுப்புறேன், வச்சுக்குங்க." கெஞ்சி, கோபப்பட்டு, பெரிய அதிகாரியிடம் சொல்லிவிடுவேன் என்று மிரட்டி, கடைசி வகுப்பில் ஒரு இடம் வாங்கினேன். போனஸாக முட்டிவலிக்காரரும் வந்தார்.

முதல் நாள் ஒழுங்காக நடந்தது. கெட்டிக்காரர் இஸ்திரி போட்ட சட்டையில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். சென்னையிலிருந்து வந்த பயிற்றுநர் திரையில் படத்தைக் காட்டி, "இந்தக் கை எவ்வளவு நேர்த்தியாகக் கம்பியைப் பிடித்திருக்கிறது பாருங்கள்" என்றார். அந்தக் கைகளின் சொந்தக்காரர் நோட்டில் அதை எழுதிக்கொண்டார்.

இரண்டாம் நாள் பதினோரு மணிக்குப் போன் வந்தது. பெல்ட் கிழிந்துவிட்டது. பொறுப்பாளரின் குரலில் இப்போது சீற்றமில்லை, அழாத குறை. விஷயத்தைச் சொன்னதும் கடைசி வரிசையிலிருந்து கெட்டிக்காரர் என்னைப் பார்த்தார். நான் போகச் சொல்லவில்லை, போகாதே என்றும் சொல்லவில்லை. நோட்டை மூடிவிட்டு எழுந்து போனார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது, என்னை நானே மெச்சிக்கொண்டேன். வகுப்பையே பெல்ட்டுக்குக் கொண்டுபோய்விட்டால்? பயிற்சிச் சீட்டு எழுதி எல்லோரையும் வேனில் ஏற்றினேன். அங்கே மாலைவரை அவர் ஒட்டினார், நாங்கள் சுற்றி நின்று பார்த்தோம். சென்னைக்காரர்கூட இரண்டு சந்தேகம் கேட்டுத் தெரிந்துகொண்டார். வேலை முடிந்ததும் அங்கேயே தேர்வு வைத்தேன். அவர் ஒரு கேள்விகூடத் தப்பாக எழுதவில்லை. வருகைத் தாளை நீட்டியபோது கரிக்கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு கையெழுத்துப் போட்டார். இஸ்திரிச் சட்டை பாழானது.

மறுநாள் கம்ப்யூட்டர் அவர் பெயரைச் சிவப்பில் காட்டியது. நாங்கள் பயிற்சிச் சீட்டைக் காட்டி, விரல் வைக்காமல் உள்ளே போனவர்கள். அவர் வேலைக்காகப் போனவர், வாசலில் விரல் வைத்திருக்கிறார். இரண்டு இடத்தில் பதிவு, வகுப்பு வருகை ரத்து. நான் வைத்த பொறியில் அதுவரை காய்கறி வாங்கப் போனவர் ஒருவர்கூடச் சிக்கியதில்லை; பஜாருக்குப் போகிறவர் சுரங்க வாசலில் ஏன் விரல் வைக்கப்போகிறார்? பெரிய அதிகாரியிடம் ஓடினேன். "நீங்களே எழுதுன ரூல்தானே மேடம்? கேடயமெல்லாம் வாங்கினீங்களே" என்றார். அவர் கிண்டல் செய்யவில்லை, உண்மையாகவே குழம்பிப் போயிருந்தார்.

தேறியவர்கள் பட்டியல் வந்தது. அந்தப் பிரிவில் ஸ்கில்டு ஆனவர் ஒரே ஒருவர், முட்டிவலிக்காரர்; அத்தனை வகுப்பில் உட்கார்ந்தவருக்குத் தேர்வெழுதத் தெரியாதா? பெல்ட் ஒட்டும் பொறுப்பையும் அவரிடமே கொடுத்தார்கள். பாவம், அவர் பதறிப்போய்விட்டார். முதல் நாளே நேராக நம் கெட்டிக்காரரிடம் போய், "தம்பி, எனக்கு ஒண்ணும் தெரியாது, நீதான் சொல்லிக்குடுக்கணும்" என்றாராம். இவரும் ஒரு மாதம் கூடவே நின்று, கோபமில்லாமல் சொல்லிக்கொடுத்தார்.

அதற்கும் ஒரு படிவம் உண்டு, அதை வடிவமைத்ததும் நான்தான். 'வேலையிடத்தில் பயிற்சி அளித்தவர்' என்ற கட்டத்தில் ஸ்கில்டு அல்லது அதிகாரி மட்டுமே கையெழுத்திடலாம். ஹெல்பர் ஒருவர் ஸ்கில்டு ஆளுக்குச் சொல்லிக்கொடுத்தார் என்று எழுதினால் படிவம் திரும்பி வந்துவிடும். அதனால் என் பெயரை எழுதிக் கையெழுத்துப் போட்டேன். எனக்குப் பெல்ட்டைப் புறங்கையால் தொடவேண்டும் என்பதே அவரைப் பார்த்துத்தான் தெரியும்.

போன வாரம் கெட்டிக்காரர் அலுவலக வாசலில் நின்றிருந்தார். "யாரு சொல்லிக்குடுத்ததுன்னு ஒரு ஃபார்ம் இருக்காமே மேடம். அதுல எம் பேரு இருக்கும்ல? ஒரு ஜெராக்ஸ் குடுத்தீங்கன்னா புது கம்பெனிக்காரங்ககிட்ட காட்டுவேங்க."

ஃபார்ம் மேலிடத்துக்குப் போய்விட்டது என்று சொன்னேன். "பரவால்லங்க, வந்ததும் குடுங்க" என்று சொல்லிவிட்டு ஷிப்டுக்குப் போனார். அது என் மேசை டிராயரில்தான் இருந்தது.