என் மடிக்கு வந்த தேங்காய்

நான் சொல்லச் சொல்லப் பேத்தி எழுதுகிறாள். பிழை இருந்தால் அவளைக் கேளுங்கள்.

ரெட்டியார்சத்திரம் பக்கம் எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடத்தில், பெரியவர்களுக்குச் சாயங்காலம் எழுத்துச் சொல்லித் தருகிறார்கள் என்றதும் போனேன். போனால், உள்ளே பக்கத்து வீட்டுக்காரி! முறைக்கு மதினி, வயது ஒன்றுதான். ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் என் பக்கத்தில் நின்று, பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துப் பாடுகிறவள்.

“என்னடி, நீ இங்க?” என்றாள்.

“சும்மா, பொழுது போகல. நீ?”

“நானுந்தான்.”

எனக்கு எழுத்துத் தெரியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டால், கோயிலில் எந்த முகத்தோடு நிற்பேன்? நாளையிலிருந்து வரக்கூடாது என்று முடிவு செய்தேன்.

டீச்சரம்மா சின்னப் பெண். நாங்கள் சிலேட்டை முந்தானையால் மறைப்பதைப் பார்த்துவிட்டு, எல்லோரையும் வட்டமாக உட்கார வைத்தாள். நான் அவளுக்குக் கொண்டுபோன தேங்காயைக் கையில் எடுத்தாள். எங்கள் மரத்துக் காய் சிறுசு, பருப்பு கெட்டி. அது கிடக்கட்டும்.

“தேங்கா யாரு மடில இருக்கோ அவங்க மட்டும் பேசுங்க. பேசப் பிடிக்கலன்னா அடுத்தவங்ககிட்ட குடுத்துருங்க. யாரும் சிரிக்கக் கூடாது. இங்க பேசினது வாசப்படி தாண்டக் கூடாது.”

வாயை மூடி உட்காருவது எனக்கு எம்புட்டுக் கஷ்டம் என்று ஊருக்கே தெரியும். பூப்பறிக்கிற ஒருத்தி, போர்டு படிக்கத் தெரியாமல், பழனிக்குப் போக எதிர்த்திசையில் போகிற நத்தம் பஸ்ஸில் ஏறிய கதையைச் சொல்லி அழுதாள். ஒருவரும் சிரிக்கவில்லை. பக்கத்திலிருந்தவள் அவள் முதுகைத் தடவினாள். அடுத்து தேங்காய் என் மடிக்கு வந்தது. தள்ளிவிட நினைத்தேன். கை வரவில்லை.

“கல்யாணமாகி வந்த நாள்லருந்து பாட்டுப் பொஸ்தகத்தச் சும்மாதான் பிடிச்சிருக்கேன். பாட்டெல்லாம் காதுல கேட்டதுதான். மதினி பக்கத்தத் திருப்புனா நானும் திருப்புவேன்.”

மதினி தேங்காயை வெடுக்கென்று பிடுங்கினாள்.

“அடிப்பாவி! நான் ஒன்னையப் பாத்துல்ல திருப்புனேன்!”

நாங்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தோம். அதற்குப் பிறகுதான் மற்றவர்கள் சிரித்தார்கள்.

வாசப்படி தாண்டிவிட்டதே என்கிறீர்களா? மதினியைக் கேட்டுக்கொண்டுதான் சொல்கிறேன். மறுநாளும் போனேன், அதற்கடுத்த நாளும் போனேன். இந்த ஞாயிறு இருவரும் ஒரே புத்தகத்தைப் பிடித்தோம். வகுப்பில் படித்த ‘ம’ வருகிற இடத்திலெல்லாம் மதினி என் விலாவில் இடித்தாள். மாதா பாட்டில் எத்தனை ‘ம’! இன்னும் வலிக்கிறது.