கதவுக்கு வெளியில நின்னது நான்தான்

அன்னைக்கு அங்க இருந்தவங்க யாரு யாருன்னு மொதல்ல சொல்லிடுறேன், அஞ்சாவதா வேற யாராவது இருந்திருப்பான்னு பின்னாடி நீங்க சொல்லக்கூடாது. என் தம்பி சுரேஷ், கெம்பஸ்ல ஆராய்ச்சி பண்றவன். அவனுக்கு வழிகாட்டுற பேராசிரியர், வயசான சிங்களவரு, தமிழ் நல்லா பேசுவாரு, நாங்க சேர்னுதான் கூப்பிடுவோம். என் சம்சாரம் மாலா. அப்புறம் நான். நாலே பேரு. ஒரு நாய்கூட இல்ல.

பேய், ஆவி இதெல்லாம் நான் என்னைக்கும் நம்புனவன் இல்ல. பயம் எனக்கு நிறைய உண்டு, அது வேற விஷயம். கேஸ் அடுப்பை மூடுனேனா, மழைக்கு மண் சரியுமா, சம்பளம் வருமா வராதா, கண்டதுக்கும் பயப்படுவேன். "பேய்க்குப் பயப்பட உங்களுக்கு நேரம் ஏதுங்க"ன்னு மாலா கேலி பண்ணுவா. உண்மைதான்.

ஹட்டன்ல இருந்து வட்டவளைக்கு இறங்குற பாதையில, தேயிலைக்கு நடுவுல ஒரு பழைய கட்டடம். வெள்ளைக்காரத் தொரைமாருங்க அந்தக் காலத்துல ஃப்ரீமேசன் சங்கம்னு வச்சுக் கூடுன எடம். வாசலுக்கு மேல கவராயமும் மூலைமட்டமும் செதுக்கியிருக்கும். உள்ள என்ன நடந்துச்சுன்னு வெளியில யாருக்கும் தெரியாது, அதனால எங்க ஆளுங்க தலைவெட்டி பங்களான்னு பேரு வச்சுட்டாங்க. நான் அங்க பதினொரு வருஷமா வாச்சர். ஒரு தலையையும் பார்த்ததில்ல, வௌவால் புழுக்கைதான் பார்த்திருக்கேன், அதைக் கூட்டி அள்ளுனதும் நான்தான்.

ஆனா அவங்க கூட்டம் நடத்துன பெரிய அறையோட சாவியை மட்டும் கொழும்பு முதலாளி என்கிட்ட குடுத்ததே இல்ல. அந்தச் சாவியை தம்பி ஒரே ஒரு கடுதாசி எழுதி வாங்கிட்டான். இங்கிலீஷ் கடுதாசி.

நான் எட்டாம் வகுப்போட நின்னுட்டேன், அவன் நிக்கல. மாலா ஏ.எல். பாஸ் பண்ணி முன்பள்ளி டீச்சரா இருக்கா. தம்பி வீட்டுக்கு வந்தா அவளுக்குப் பேச ஆயிரம் விஷயம் இருக்கும், என்கிட்ட கேஸ் மூடியாச்சாங்கிறது ஒண்ணுதான் இருக்கும். சங்கத்துக்குள்ள ஒருத்தரை ஒருத்தர் சகோதரன்னு கூப்பிட்டுக்கிட்ட தொரைமாருங்க வெளியில லயத்துல இருந்த தோட்டத்து ஆளுங்களை எப்படி வச்சிருந்தாங்கங்கிறதுதான் அவன் ஆராய்ச்சி. அந்த ஞாயித்துக்கிழமை அவனுக்கு நோட்ஸ் எழுதிக் குடுக்க மாலா வந்தா. யாரும் கூப்பிடல, அவளா வந்தா.

அறைக்குப் போறதுக்கு முன்னால சேர் விளக்கம் சொன்னாரு. கூட்டம் நடக்கிறப்போ கதவுக்கு வெளியில ஒருத்தர் வாளோட காவல் நிப்பாராம். உள்ள இருந்து மூணு தட்டு தட்டுவாங்களாம். அவரும் மூணு தட்டு திருப்பித் தட்டுனா எல்லாம் சரின்னு அர்த்தமாம், அப்புறம்தான் உள்ள வேலையே ஆரம்பிக்குமாம்.

"அண்ணே, நீங்க வெளியில நில்லுங்களேன், சத்தம் எப்படிக் கேக்குதுன்னு பார்ப்போம்"னான் தம்பி.

"வாளுக்கு எங்கடா போறது?"

"அதான் கையில வெளக்கமாறு இருக்கே"ன்னா மாலா. மூணு பேரும் சிரிச்சாங்க. நானும் சிரிச்சேன், சிரிக்காம என்ன பண்றது.

கதவை மூடிக்கிட்டாங்க. மூணு தட்டு கேட்டுச்சு. நானும் மூணு தட்டுனேன். அவ்வளவுதான், அதுக்கப்புறம் யாரும் கூப்பிடல. திறந்து பார்க்கலாம்னு கை போகும், வேலையைக் கெடுத்துட்டேன்னு தம்பி கோவிச்சுக்குவானோன்னு எடுத்துருவேன். பகல் பதினோரு மணிதான் இருக்கும், கீழ இருந்து பனிமூட்டம் ஏறி படிக்கட்டே தெரியாமப் போச்சு. குளிருக்கு கதவுல முதுகைச் சாச்சு உக்காந்தேன். அது உள்பக்கமா திறக்கிற கதவு, இதை நல்லா ஞாபகம் வச்சுக்குங்க.

அப்பதான் உள்ள ஒருத்தர் இங்கிலீஷ் வாசிக்கிறது கேட்டுச்சு. தம்பி குரல் இல்ல. சேர்னு நெனச்சேன். தடுமாறாம, நிறுத்தி நிறுத்தி, கேக்கவே அழகா இருந்துச்சு. வாசிச்சு முடிச்சதும் மாலா, "இன்னொரு தடவை வாசிங்களேன்"னா. அந்தக் குழைவை நான் கேட்டு வருஷக்கணக்காச்சுங்க. கல்யாணமான புதுசுல என்கிட்ட அப்படிப் பேசுவா. தலை நரைச்ச மனுசன்மேல பொறாமைப்படலாமா, ஆனா பட்டேன், வெளக்கமாத்துப் பிடியை முறுக்கிக்கிட்டே இருந்தேன். பொறுக்க முடியாம கதவுல மூணு தட்டு தட்டுனேன். வாசிப்பு நின்னுச்சு. உள்ள என்னமோ சொல்லி சிரிச்சாங்க. உள்ள இருந்து மூணு தட்டு வந்துச்சு. மறுபடி வாசிப்பு.

ஒன்றரை மணி நேரம் கழிச்சு முதல் தடவையா கதவைத் திறந்தாங்க, நான் அப்படியே மல்லாக்க உள்ள விழுந்தேன். மாலா பதறிப்போய்த் தூக்குனா. "என்னங்க, பிளேன் டீ ஊத்தப் போறேன்னு இப்பதான வெளியில போனீங்க, அதுக்குள்ள இங்க உக்காந்துட்டீங்க?"

சேர் என் கையை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டாரு. அறையில இருந்த பழைய கூட்டக் குறிப்புப் புத்தகத்துல எழுத்தெல்லாம் மங்கிப்போய், அவருக்கே பாதி புரியலையாம், நான் வரி விடாம வாசிச்சேனாம். "இத்தனை நாளா ஏன் சொல்லல?"ன்னாரு. தம்பி என்னைப் பார்த்த பார்வையை அவன் பொறந்ததுல இருந்து நான் பார்த்ததில்ல. முதல்ல மூணு தட்டு தட்டிட்டு நானேதான் கதவைத் திறந்து உள்ள வந்தேனாம்.

நம்புனா நம்புங்க, அது நான் இல்லன்னு சொல்லத்தான் வாயைத் திறந்தேன். மாலா முகத்துல இருந்த பூரிப்பைப் பார்த்தேன். பிளேன் டீ ஊத்தப் போயிட்டேன்.

தம்பி போன்ல ரெக்கார்டிங் இருக்குங்க. எனக்கும் அனுப்புனான். சேர் குரல் இல்ல அது, என் குரல். நடுவுல வர்ற இருமல்கூட என்னோடது. பாதியில வெளியில இருந்து மூணு தட்டு கேக்குது, அது நான் தட்டுனது. வாசிக்கிற குரல் நிக்குது. "அவன் நிக்கட்டும்"ங்குது, தமிழ்ல. மூணு பேரும் சிரிக்கிறாங்க. வெளியில தட்டுனது காத்துக்கு ஆடுற கதவு, அப்படிச் சொல்லிட்டு உள்ள இருந்து திருப்பித் தட்டுனது என் தமாஷ்னு நெனச்சாங்களாம்.

இப்ப தம்பிமேல எனக்குப் பொறாமை இல்ல, சேர்மேலயும் இல்ல. உள்ள வாசிச்ச அவன்மேலதான். ராத்திரி சாப்பிட்டு முடிச்சதும் மாலா பிள்ளைங்களோட இங்கிலீஷ் புத்தகத்தை எடுத்துட்டு வந்து, "அன்னைக்கு மாதிரி வாசிங்களேன்"னு பக்கத்துல உக்காருவா. தொண்டை வலின்னுவேன். கொஞ்ச நேரம் என் முகத்தையே பார்ப்பா. அவ தேடுறது என்னை இல்லன்னு எனக்குத் தெரியும். ரெக்கார்டிங்கைக் கேட்டுக் கேட்டு நாலு வரி மனப்பாடம் பண்ணி ஒரு நாள் சொன்னேன். "அப்படி இல்லைங்க"ன்னுட்டு எழும்பிப் போயிட்டா.

போன கிழமை தம்பி போன்ல கோல் எடுத்தான். கூட்டம் முடியிறப்போ ஏழைங்களுக்குன்னு எல்லாரும் உண்டியல் பெட்டியில காசு போடுறது அந்தச் சங்கத்து வழக்கமாம். சேர் அதைச் சொன்னதும் நான் தம்பிகிட்ட கைமாத்து வாங்கி அங்க இருந்த பழைய பெட்டியில போட்டேனாம். "சேருக்கு முன்னால பெரிய மனுசன் ஆயிட்டீங்க அண்ணே, காசு என்னோடது"ன்னு சிரிக்கிறான். அவன் விட்டுட்டுப் போன சாவியோட நான் போய் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தேன். தூசிதான் இருந்துச்சு.

தம்பிக்குக் காசைத் திருப்பிக் குடுத்தா அது நான்னு ஆயிரும், அவனுக்காக நான் கடன் அடைச்ச மாதிரி ஆகும். குடுக்கலைன்னா ஏன்னு மாலா கேப்பா, அது நான் இல்லன்னு அவகிட்ட சொல்லணும். காசு எடுத்து வச்சிருக்கேன், இன்னும் குடுக்கல. ரெண்டாயிரத்து ஐந்நூறு ரூபா.