பன்னிரண்டு மாதத்து மழையையும் கேட்டாள்

கோலாலம்பூரா, பாங்கொக்கா என்று எங்கள் வீட்டில் கிழமைக்கணக்காக நடந்த விவாதத்தில் அதிகம் கதைத்தது நான்தான். எந்த ஊரில் எப்போது மழை, எந்த ஊர் வெயில் தாங்கலாம், எது தாங்க முடியாது என்று மகள் கேட்கக் கேட்கச் சொன்னேன். என் ஒரே மகளை என் வீட்டு வளவை விட்டு அனுப்புவதற்கு நானே பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன் என்பது அப்போது எனக்குத் தெரியாது. இதை எழுதும்போதும் கோபம் வருகிறது. பாதி அவள் மேல், பாதி என் மேல்.

கல்முனையில் ஒரு பெண்கள் பாடசாலையில் புவியியல் படிப்பித்து ஓய்வு பெற்றவள் நான். மக்காவுக்கு உம்ரா போனதைத் தவிரக் கடல் தாண்டியதில்லை. ஆனால் கடல் தாண்டி இருக்கும் ஊர்களின் மழையைப் பற்றி யாரும் என்னிடம் கேட்டுவிடக் கூடாது. கேட்டால் நிறுத்த மாட்டேன். என் கணவர் சம்மாந்துறை ஆலைகளில் அரிசி எடுத்துப் பசாரில் விற்பவர். அவரிடம் எதற்கும் விலை கேட்கக் கூடாது, அவரும் நிறுத்த மாட்டார். ஆகவே பயணம் என்று ஒரு பேச்சு வந்தபோது, காலநிலை என் பக்கமும் செலவு அவர் பக்கமுமாகப் பிரிந்துபோனது.

எங்கள் பக்கத்தில் மகளுக்குத்தான் வீடு. மகன்மார் கலியாணம் முடித்துப் பெண் வீட்டுக்குப் போய்விடுவார்கள், மகள் இருந்த இடத்திலேயே இருப்பாள், மாப்பிள்ளை வந்து சேர்வார். மகளின் கலியாணத்தோடு முன் வீட்டை அவள் பேருக்கு எழுதிவிட்டு, பின்வளவில் இரண்டு அறையும் சமைக்க ஒரு குசினியும் போட்டு நாங்கள் அங்கே போனோம். என் உம்மாவும் எனக்கு வீட்டைத் தந்துவிட்டு அப்படித்தான் பின்னுக்குப் போனார். ஆரும் தள்ளிவிடவில்லை. என் அலுமாரியை நானே ஆள்பிடித்துத் தூக்கிவைத்தேன். மகள் முன்னால், நாங்கள் பின்னால், நடுவில் ஒரு கிணறு. ஒரு தாய்க்கு இதைவிட என்ன காப்புறுதி வேண்டும் என்று நினைத்தேன். மகன்மார் கட்டாருக்குப் போகட்டும், கனடாவுக்குப் போகட்டும். மகள் எங்கே போகப்போகிறாள்? அவளுக்குத்தான் வீடு இருக்கிறதே.

இந்த நம்பிக்கைதான் என் கண்ணைக் கட்டியது.

ஒரு நாள் மஃரிப் தொழுதுவிட்டு மகள் குசினிக்கு வந்தாள். கையில் போன்.

"உம்மா, கோலாலம்பூரும் பாங்கொக்கும், ரெண்டுல எது நல்ல காலநிலை?"

"ஏன் புள்ள, போகப்போறீங்களா?"

"பாத்துக்கிட்டு இரிக்கம். அவர்ர கொம்பனிக்கு ரெண்டு எடத்திலயும் ஒபிஸ் இரிக்கி."

மருமகன் கணினியில் வேலை செய்பவர். கொம்பனி செலவில் ஒரு பாதி, கைச்செலவில் ஒரு பாதி என்று குடும்பமாக ஒரு பயணம் வைக்கிறார்கள் என்று நான் முடிவுகட்டிவிட்டேன். அவரிடமே ஒரு சொல் கேட்டிருக்கலாம் என்று நீங்கள் நினைப்பீர்கள். எங்கள் வீட்டில் மாமி மருமகனோடு நேருக்கு நேர் நின்று கதைப்பதில்லை. அவர் வந்தால் நான் முந்தானையைத் தலைக்கு இழுத்துக்கொண்டு உள்ளே போவேன். மீன் கறி பிடித்ததா என்பதைக்கூட மகளிடம்தான் கேட்பேன். அவரும் என்னிடம் சொல்ல வேண்டியதை மகளிடம்தான் சொல்லுவார். மரியாதை மரியாதை என்று ஒரு வீட்டுக்குள் இருந்துகொண்டே இவ்வளவு பெரிய விசயத்தைத் தவறவிட்டோம்.

அன்றைக்கே பாடத்தைத் தொடங்கினேன். கோலாலம்பூரில் நமக்கு இருப்பது போல மாரி என்றும் கோடை என்றும் கோடு போட்டுப் பிரிக்க முடியாது, வருசம் முழுக்கப் பெய்யும், பெரும்பாலும் பின்னேரத்தில் இடியோடு வரும் என்றேன். பாங்கொக் அப்படியில்லை. வருசக் கடைசியில் காய்ந்து, கொஞ்சம் குளிர்ந்து கிடக்கும். ஏப்ரலில் நம்முடைய கச்சான் காற்றுக் காலத்து வெக்கை அதற்கு முன்னால் ஒன்றுமில்லை என்று சொல்லும் அளவுக்குச் சுடும். பிறகு மாதக்கணக்கில் மழை, செப்டம்பர் ஒக்டோபரில் தெருவில் தண்ணீர் நிற்கும்.

"அப்ப டிசம்பர்ல போனா பாங்கொக்தான் தோது" என்றேன்.

"டிசம்பர் மட்டும் இல்ல உம்மா, எல்லா மாசமும் சொல்லுங்க."

நான் எல்லா மாதமும் சொன்னேன். சந்தோசமாகச் சொன்னேன். இத்தனை வருசம் படிப்பித்ததில் பன்னிரண்டு மாத மழையையும் தானாகக் கேட்ட பிள்ளை ஒன்றுகூட இல்லை. சோதனைக்கு வராது என்றால் புத்தகத்தை மூடிவிடுவார்கள். என் மகள் கேட்கிறாளே என்று எனக்குப் பெருமை தாங்கவில்லை. ஒரு கிழமை சுற்றிப்பார்க்கப் போகிறவளுக்கு ஜூன் மாத மழை எதற்கு என்று கேட்கும் அறிவு எனக்கு இல்லாமல் போனது. "உடுப்புக் காயுமா உம்மா?" என்றும் கேட்டாள். ஹோட்டலில் ஆர் உடுப்புக் காயப்போடுவார்கள்? அதற்கும் பதில் சொன்னேன்.

செலவுப் பக்கம் என் கணவர் இறங்கினார். பசாரில் துணிக்கடை வைத்திருப்பவர்கள் சரக்கெடுக்கப் பாங்கொக் போய்வருவதால் அவர்களிடம் விசாரித்துக்கொண்டு வந்தார். பாங்கொக்கில் சாப்பாடு மலிவாம், ஆனால் ஹலால் கடை தேடித்தேடி நடந்து கால் தேயுமாம். கோலாலம்பூரில் சாப்பாட்டுக்குப் பயமில்லை, பள்ளிவாசல் எந்தப் பக்கமும் இருக்கும், ஆனால் தங்குமிடத்தில் பிடித்து உரிப்பார்களாம். அவர் வந்ததும் மகள் போனைப் பார்த்துக்கொண்டு ஒரு விலை சொல்லுவாள், இவர் அதிர்ந்துபோய் "அரிசி மூட்டைய விடக் கூடவா" என்பார். விலை எதுவானாலும் அவருக்கு அளவுகோல் அரிசி மூட்டைதான்.

நானும் சும்மா இருக்கவில்லை. மருதமுனையில் கைத்தறிச் சாரி இரண்டு எடுத்தேன், அந்த வெக்கைக்குப் பருத்திதான் சரி. சில்லு வைத்த பயணப்பை ஒன்று வாங்கிக் கட்டிலுக்குக் கீழே வைத்தேன். பக்கத்து வீட்டாரிடம், மகள் எங்களைக் கூட்டிக்கொண்டு போகிறாள் என்று சொல்லியும்விட்டேன். இதை நினைத்தால் இன்றும் முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

ஒரு வெள்ளிக்கிழமை, பகல் சாப்பாட்டுக்குப் பிறகு, மகள் போனில் ஒரு படத்தைக் காட்டினாள். கோலாலம்பூரில் உயரமான கட்டடம், கீழே நீச்சல் குளம், சின்னதாய் ஒரு குசினி. கீழே விலை. என் கணவர் கண்ணாடியை மாட்டி, ரிங்கிட்டை ரூபாயாக்கிப் பார்த்தார். தொகை லட்சத்தைத் தாண்டியது.

"ஒரு ராவுக்கு இவ்வளவா? என்ன மாளிகையா?" என்று கதிரையில் இருந்து எழும்பிவிட்டார். "இந்தக் காசுக்கு அறுகம்பை ஹோட்டல்ல மாசம் முழுக்கப் படுத்துக் கெடக்கலாமே."

மகள் சிரித்துவிட்டாள். "ராவுக்கு இல்ல வாப்பா, மாசத்துக்கு."

சொன்ன பிறகுதான் என்ன சொன்னாள் என்று அவளுக்கே விளங்கியது. சிரிப்பு நின்றது. என் கணவர் கண்ணாடியைக் கழற்றாமல் அப்படியே நின்றார். ஜூன் மாத மழை, உடுப்புக் காய்வது, படத்தில் இருந்த குசினி எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பி வந்து என் முன்னால் நின்றன.

"எத்தின மாசத்துக்கு?" என்றேன்.

அவள் நிலத்தைப் பார்த்தாள். "தெரியா உம்மா. வருசக்கணக்கில ஆகும். சொல்லத்தான் ஒவ்வொரு நாளும் வந்த. நீங்க மழையப் பத்திச் சந்தோசமாக் கதைக்கத் தொடங்கிருவீங்க, எனக்கு வாய் வராது."

"வீடு?"

"வீடு எங்கயும் போகாதும்மா. நீங்க ரெண்டு பேரும் முன்னுக்கு வந்து இருங்க."

அவள் போகிறாள் என்றபோது எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனால் முன்னுக்கு வந்து இருங்கள் என்றபோது நான் உண்மையாகவே திகைத்துப்போனேன். கொடுத்த வீட்டுக்குள் திரும்பிப் போவது எங்களிடம் இல்லை. என் உம்மா கடைசிவரைக்கும் முன் விறாந்தையில் என்னைக் கேளாமல் ஒரு கதிரையைக்கூட இடம் மாற்றியதில்லை. பின்னுக்குப் போனவர்கள் அங்கிருந்தே மையவாடிக்கு அடங்கப் போவதுதான் நான் கண்ட ஒழுங்கு.

"குடுத்த வீட்டுக்குள்ள நாங்க எந்த மூஞ்சோட வாற?" என்று கத்தினேன். பக்கத்து வீட்டுக்குக் கேட்டிருக்கும். கேட்கட்டும் என்று நினைத்தேன்.

என் கணவர் விலை பேசுகிறவர் அல்லவா, அவருக்கு அதிர்ச்சி வேறு விதமாக வந்தது. கொஞ்ச நேரம் கழித்து, முன் வீட்டை வாடகைக்கு விட்டால் எவ்வளவு வரும் என்று கணக்குப் போட்டார். வருசக்கணக்காக அரிசி விற்று, கல் கல்லாகச் சேர்த்துக் கட்டிய வீடு. அந்த வாடகை முழுவதையும் அனுப்பினாலும் அங்கே அந்தச் சின்ன வீட்டின் வாடகையில் கால்வாசிக்குக்கூடக் காணாது. கணக்கெழுதிய கடதாசியை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டார்.

நான் பல நாள் மகளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. ஆனால் ஒரு காலையில் நான் மீன் வெட்டிக்கொண்டிருந்தபோது அவள் என் பக்கத்தில் வந்து குந்தி, மீனை என் கையிலிருந்து வாங்கி வெட்டிக்கொண்டே கேட்டாள்.

"ரெண்டுல எங்க போனா உங்களுக்கு மனசு ஆறும், உம்மா?"

எங்கேயும் போகாதே என்று சொல்லத்தான் வாயெடுத்தேன். ஏப்ரலில் பாங்கொக் வெயிலில் அவளுக்குத் தலையிடி வரும் என்பதும், ஒக்டோபர் வெள்ளத்தில் அவள் தனியே நிற்பாள் என்பதும் நினைவுக்கு வந்தன.

"கோலாலம்பூருக்குப் போங்க" என்றேன். "மழதான். ஆனாப் பள்ளியில பாங்கு சொல்றது கேக்கும்."

ஊரையும் நானே தெரிவு செய்து கொடுத்தேன்.

கச்சான் அடிக்கத் தொடங்கிய நேரத்தில் போனார்கள். நான் வாங்கிய பயணப்பையை மகள் எடுத்துக்கொண்டாள். வாசலில் மருமகன் செருப்பைப் போடாமல் நின்றார். நான் உள்ளே போகத் திரும்பினேன்.

"மாமி" என்றார். "திரும்பக் கூட்டிக்கிட்டு வருவன்."

கலியாணம் முடித்து வந்த பிறகு அவர் என் முகத்தைப் பார்த்துச் சொன்ன முதல் பேச்சு அது. நான் தலையை ஆட்டினேன். பதில் சொல்ல மகள் நடுவில் இல்லாமல் எனக்குப் பழக்கமில்லை.

அதன்பிறகு முன் வீடு பூட்டிக் கிடந்தது. நான் நாளும் போய் விறாந்தையைக் கூட்டிவிட்டு வருவேன், உள்ளே நுழைய மாட்டேன். மாரி பிடித்ததும் பின்வீட்டுக் கூரை இரண்டு இடத்தில் ஒழுகியது. வாளி வைத்தோம். கணவர் முன் வீட்டைப் பார்ப்பார், என்னைப் பார்ப்பார், வாளியைத் தூக்கிக் கொட்டப் போவார்.

மழை விட்ட ஒரு முற்பகலில், வங்கிக்கு மாற்றலாகி வந்த ஒருவர் குடையை மடக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றார். வீடு வாடகைக்குக் கிடைக்குமா என்று கேட்டார். நல்ல மனிதர், குடும்பமும் சிறிது. என் கணவர் கடையில். நான் மட்டும்தான்.

"இல்ல தம்பி, வீட்டுல ஆக்கள் இரிக்காங்க" என்றேன்.

அவர் பூட்டையும் மூடிய யன்னல்களையும் பார்த்தார். "ஆரு இரிக்காங்க?"

"நாங்கதான்."

எப்படி அந்தச் சொல் வந்தது என்று எனக்கே ஆச்சரியம். அவர் தெருத் திரும்பும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். பிறகு திறப்பை எடுத்துவந்து கதவைத் திறந்தேன். சொன்னதைப் பொய்யாக்க முடியாது. பின்னேர அசர் தொழுகைக்கு முன்னர் பாயையும் தலையணையையும் கொண்டுவந்து ஹோலில் போட்டேன். மகளின் அறையைத் திறக்கவில்லை. கணவர் வந்து பார்த்துவிட்டு, செருப்பை வாசலில் கழற்றி, ஒரு விருந்தாளியைப் போலக் கதிரையின் நுனியில் இருந்தார்.

அந்த நேரம் மகள் வீடியோவில் போன் எடுத்தாள்.

"உம்மா, எங்க இரிந்து கதைக்கிறீங்க? பின்னுக்குத் தெரியிறது எங்கட ஹோல் போல இரிக்கே."

"உன்ட வீட்டுலதான்" என்றேன். "நீ வரும் மட்டும் பாத்துக்குவன்."

கண்ணைத் துடைத்தாளோ என்னவோ, போன் கொஞ்சம் ஆடியது. பின்னால் ஏதோ இரைந்துகொண்டிருந்தது.

"அங்க என்ன சத்தம்?"

"மழதான் உம்மா. ஒவ்வொரு நாளும் பின்னேரம் வருது. நீங்க சொன்ன மாதிரியேதான்."

யன்னலுக்கு வெளியே போனை நீட்டிக் காட்டினாள். நான் பார்த்தேன். நான் சொன்னதெல்லாம் சரியாகத்தான் இருக்கிறது, அதுதான் எனக்குத் தாங்க முடியவில்லை.